மாப்பிள்ளை அழைப்பில் பிச்சையா

"குடிச்சிருக்கியாலே?"

பிச்சையா டிரம்மின் வாரைத் தோளில் மாட்டினான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. பேண்டு மாஸ்டர் மந்திரமூர்த்தி கிட்டே போய் மோந்து பார்த்தார். வாடை இல்லை.

மலைக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் ஆரியங்காவில் கள்ளுக்கடை. குற்றாலத்தில் எவன் கண் சிவந்திருந்தாலும் ஊருக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். அதுவும் ஊர்வலம் கிளம்புகிற நேரத்துக்கு ஓடி வந்து நிற்கிறவன் வேறு எங்கே போய்விட்டு வந்திருப்பான்?

மற்றபடி குறை சொல்ல வழியில்லை. பெரிய இடத்துக் கல்யாணம், எல்லாரும் துப்புரவாக வர வேண்டும் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிச்சையாவின் தொப்பி நேராக இருந்தது, சட்டைப் பொத்தான் எல்லாம் மாட்டியிருந்தது, ஆசையாக வளர்த்த மீசையைக்கூட வழித்துவிட்டு வந்திருந்தான்.

"அடிப்பியா, இல்ல என் மானத்தை வாங்கிருவியா?"

"அடிக்கேன் அண்ணாச்சி."

அடித்தான். அப்படி ஓர் அடியை மாஸ்டரே கேட்டதில்லை. சாரலில் டிரம் தோல் தொய்ந்துபோகும் என்பார்கள். அன்றைக்கு அது பிச்சையாவிடம் செல்லவில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் லாட்ஜ் மாடியில் சாய்ந்து கைதட்டினார்கள். பஜார்க்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு நடு ரோட்டில் ஆடினார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பால்வண்ணநாதன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். "ஏலே, அதே அடியை இன்னொரு தடவ அடிலே" என்றார். பிச்சையா கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் அடித்தான்.

"மாஸ்டர், அடுத்த மாசம் எம்பொண்ணு கல்யாணம். நீங்கதான் வாசிக்கிய. இந்த டிரம்காரன் கண்டிப்பா இருக்கணும்" என்றார் பால்வண்ணநாதன்.

"இருப்பான் ஐயா" என்றார் மாஸ்டர். மகிழ்ச்சியில் அவருக்குக் கிளாரினெட்டே லேசாகிப் போனது.

சந்நிதி முக்கில் ஒரு லாரி வழி கிடைக்காமல் நின்றது. எலுமிச்சை லோடு. டிரைவர் துல்கர்னைன் இறங்கி வந்து மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, பிச்சையாவுக்குத் தாக்கல் ஒண்ணு. புளியங்குடியில அவங்கம்மை ஆவுடைத்தாய் ராத்திரி தவறிட்டா. விடியக்காலம் நான் லோடு எடுக்கையில தெருவுல சொல்லிவிட்டாவ. கடையநல்லூர்ல ஆக்சில் முறிஞ்சு அங்கனயே பகல் பூரா போயிட்டு."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பிச்சையாவைச் சுற்றி விசில் பறந்துகொண்டிருந்தது.

"ஒத்தப் புள்ள. அவன் வராம எடுக்க மாட்டாவ. அந்தா புளியங்குடி பஸ்ஸும் பின்னால நிக்கி. இப்ப ஏத்திவிட்டா முகத்தைப் பாத்துருவான்."

"நான் சொல்லிக்கிடுதேன். நீ போ."

லாரி செங்கோட்டைப் பக்கம் போனது. மாஸ்டர் சொல்லவில்லை.

மந்திரமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. நல்ல மனிதர்களுக்குத்தான் இப்படிப்பட்ட நேரத்தில் நியாயம் சட்டென்று அகப்படும். சொன்னால் அவன் டிரம்மைப் போட்டுவிட்டு ஓடுவான். இழவு வீட்டுக்காரன் தீட்டோடு மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்து வந்தான் என்று தெரிந்தால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் காரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பெண் வீடு போய்ச் சேரட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. பிச்சையா டிரம்மை நிறுத்தாமலே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி அவன் அடிக்கு விரலால் தாளம் போட்டுக்கொண்டே போனார். புளியங்குடி போர்டு சாரலில் மங்கி மறைகிறவரை மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்தார்.

பெண் வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். மாப்பிள்ளை உள்ளே போனார். பால்வண்ணநாதன் வந்து பிச்சையாவைக் கட்டிப்பிடித்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். கூட்டம் கைதட்டியது.

அதற்குமேல் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. பிச்சையாவின் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"பிச்சையா, என்னைச் செருப்பால அடிலே. ஒங்கம்மை தவறிட்டா. லாரிக்காரன் அப்பவே வந்து சொன்னான். ஊர்வலம் கெட்டுப்போவும்னு நான் பாவி மறைச்சிட்டேன். இப்பவே கார் பிடிச்சுத் தாரேன், ஓடு. முகத்தையாவது பாத்துரு."

பிச்சையா மாலையைக் கழற்றிப் பந்தல் காலில் மாட்டினான். யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கொள்ளி வச்சிட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி, கல்யாண வீட்டுல சொல்லிராதீய."