ஜிம்மிக்குப் போட்ட ஊசி

“நீயெல்லாம் ஒரு டாக்டரா? நல்லா இருந்த கிடாயை ஒத்த ஊசியில கொன்னுட்டியேய்யா!”

சந்தனத்துக்கு இப்படியெல்லாம் கத்த வரும் என்பதே அவனுடைய அண்ணன் முனீசுக்கு இன்றைக்குத்தான் தெரியும். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்ன திட்டினாலும் தலையாட்டிவிட்டு வருகிறவன் அவன். பரவாயில்லை, தம்பிக்கும் ரோஷம் இருக்கிறது.

மாட்டு டாக்டர் தரணீதரன் தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்பு என்ர மேலதானுங்க. ஊசி ஒத்துக்கலீங்க.”

எருமையோடு காத்திருந்த பெண், “நான் அப்புறம் வாறனுங்க” என்று எருமையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

“உடம்பு எங்க?” என்றார் முனீஸ்.

“பொதைச்சாச்சுங்க. தொத்து வியாதி பாருங்க.”

“இப்பத்தான் ஊசின்னீரு. அதுக்குள்ள தொத்து வியாதியா?”

டாக்டர் சந்தனத்தைப் பார்த்தார். சந்தனம் கூரையைப் பார்த்தான்.

முனீசுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிடாய் டாக்டர் வீட்டுக் குழம்புச் சட்டிக்குப் போயிருக்கிறது.

சாதாரணக் கிடாயா அது? தம்பி மகள் ஆஷா டைபாய்டில் கிடந்தபோது, அவள் பிழைக்க வேண்டும் என்று கருப்பசாமிக்கு நேர்ந்து, குட்டியாக வாங்கி, உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தம்பி வீட்டில் விட்டவர் முனீஸ்தான். வருகிற வெள்ளிக்கிழமை வெட்டு. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று வந்தால், நேற்றே செத்துவிட்டது என்கிறார்கள்.

ஆஷா அதற்கு ஜிம்மி என்று பேர் வைத்தபோதே அவர் சொன்னார். “சாமிக்கு விட்ட கிடாய்க்கு யாராச்சும் பேரு வைப்பாகளா?” கேட்டால்தானே.

வீட்டில் ஆஷா அழவே இல்லை. டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், புள்ளைக்கு அதிர்ச்சி.

“திங்கக்கிழமை கலெக்டர்ட்ட மனு குடுப்போம்டா.”

“வேணாம்ண்ணே. திட்டுனதே போதும்.”

“அதானே, நீயாவது விடாம நிக்கிறதாவது!”

சாயங்காலம் முனீஸ் தனியாகக் கிளம்பினார். ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. தோலாவது எலும்பாவது கிடைக்காதா என்று டாக்டர் வீட்டுப் பின்பக்கம் போனார்.

முருங்கை மரத்தடியில் ஜிம்மி கீரை தின்றுகொண்டிருந்தது.

டாக்டர் தண்ணீர் வாளியோடு வந்தவர், அப்படியே நின்றார்.

“உங்க தம்பிதானுங்க கொண்டாந்து உட்டாரு. நாளைக்கு அண்ணன் முன்னால உங்களைக் கொஞ்சம் திட்டுவேன், மனசுல வெச்சுக்காதீங்கன்னாரு.” வாளியைக் கீழே வைத்தார். “கொஞ்சம்னுதானுங்க சொன்னாரு.”

“உம்ம பேரு கெட்டுப்போச்சேய்யா!”

“மாட்டுக்கு நோவு வந்தாத் திரும்ப வருவாங்க. காய்ச்சல்ல கெடந்தப்ப இந்தக் குட்டி கட்டில்கிட்ட நின்னாத்தான் பாப்பா கஞ்சியே குடிக்குமாமுங்க. அதைய வெட்டிப்போட்டு, பாப்பாகிட்ட என்னன்னு சொல்றது?”

முனீஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருப்பன் பொல்லாத சாமி. நினைக்கவே பயமாக இருந்தது. ஜிம்மி பக்கத்தில் வந்து அவருடைய சட்டைப் பொத்தானைச் சப்பியது. அன்றைக்கு பஸ்ஸிலும் வழியெல்லாம் அதைத்தான் செய்தது. முனீஸ் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது சந்தனம், அவன் மனைவி ஒச்சம்மாள், ஆஷா மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“செத்துத்தான் போச்சு. குழியைப் பாத்துட்டேன்.”

“அப்ப சாமிக்கு, மச்சான்?” என்றாள் ஒச்சம்மாள்.

“நேந்தவன் நானு. என் தலையை மொட்டை போட்டு, நானே பேசிக்கிறேன்.”

மறுநாள் காலை டீக்கடையில், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும், “டாக்டர் மேல தப்பே இல்லப்பா. கிடாய்க்கு ஆயுசு அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பஸ் நகர்ந்ததும், வழியனுப்ப வந்த தம்பியைப் பார்த்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“டேய் சந்தனம், ராத்திரியில பனி பெய்யுது. கம்பெனியில கழிச்ச துணியை நாலஞ்சு சேத்துத் தச்சு, அந்தச் செத்த கிடாய்க்குப் போத்தி விடுடா!”