ஐந்து வாரத் தரிசனம்

இந்தத் தலைமுறையில் வானத்தின் கதவு ஒரே ஒருத்திக்குத்தான் திறந்திருக்கிறது என்று மேடையில் முழங்கினார் போதகர். அந்த ஒருத்தி, அவர் மனைவி, முன்வரிசையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். “என்னங்க, கண்ணோரத்துல இன்னும் பளிச்சுபளிச்சுன்னு மின்னுதே?”

“சேராபீன்கள், தேவதூதருங்க. நெருப்பாத்தான் ஜொலிப்பாங்க.”

“கறுப்புப் புள்ளியா வேற மெதக்குது.”

“கேருபீன் தூதருங்களோட சக்கரம் முழுக்கக் கண்ணு இருக்கும். அதான் உனக்குத் தெரியுது. எத்தனைன்னு பாத்துச் சொல்லு, ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு வேணும்.”

“கண் டாக்டர் உங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டு என்னதான் சொன்னாரு?”

“கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னாரு. அப்ப இது தரிசனம்தானே?”

நான்காம் வாரம் சபையில் நிற்க இடமில்லை. மனைவிக்கு இடப்பக்கம் திரை விழுந்ததுபோல் இருந்தது. மகிமை நெருங்குகிறது என்று போதகர் விளக்கினார்.

ஐந்தாம் ஞாயிறு அவளைக் கைபிடித்து மேடையேற்றினார். “இப்ப என்ன தெரியுது? சபைக்குச் சொல்லு!”

“ஒண்ணுமே தெரியலைங்க.”

“அல்லேலூயா!” என்றார் ஒருவர், பழக்கதோஷத்தில்.

போதகர் பதறிப்போய் வேதத்தைப் புரட்டினார். கேருபீன்கள் வரும் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதம் கீழே விழுந்தது. முன்வரிசைக்காரர் எடுத்துப் படித்தார். கண் டாக்டர் ஐந்து வாரத்துக்கு முன் எழுதிக் கொடுத்தது: ‘இரு கண்ணிலும் விழித்திரை கிழிந்திருக்கிறது. தாமதித்தால் பார்வை போய்விடும். உடனே அறுவைச் சிகிச்சை.’

பின்பக்கம் காலியாக இருந்ததால், முதல் வாரப் பிரசங்கத்தின் குறிப்புகளைப் போதகர் அதில்தான் எழுதியிருந்தார்.