அதே சத்தம்

“காரோட பழைய ஏர் ஃபில்டர் கிழிஞ்சுபோச்சுப்பா. கம்பெனி ஃபில்டரே போட்டுடலாமா? இந்தத் திறந்த ஃபில்டர் தூசியை உள்ளே விடும். டர்போ இன்ஜினுக்குத் தூசிதான் எமன்.”

“வேண்டாம்ணே. எங்கண்ணன் தேடிப் பிடிச்சு மாட்டின அதே ஃபில்டர்தான் வேணும். ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்ததும் கார் ‘உஸ்ஸ்’னு பெருமூச்சு விடணும்.”

“சத்தம்தான் வேணும்னா ஒரு பீப்பியை வாங்கி மாட்டிக்கோயேன்.”

“தெருமுனையிலேயே அண்ணிக்குக் கேட்கணும்ணே.”

மெக்கானிக் கிழிந்த ஃபில்டரைக் கழற்றி மாதிரிக்குக் கொடுத்தார்.

காலையில் நடந்த அந்தப் பேச்சை அசைபோட்டபடியே சின்னவன் தெருமுனையில் திரும்பினான். கார் பழையபடியே பெருமூச்சு விட்டது. அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

வழக்கம்போல அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. இந்த ஒரு கணத்துக்காகத்தான் அவன் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தான்.

மற்ற நாட்களில், இறங்கியதுமே பின்சீட்டிலிருக்கும் பையை எடுக்கத் திரும்பிவிடுவான். இன்று அவள் முகத்தையே பார்த்தபடி இறங்கினான். அவன் இறங்க இறங்க அந்த முகம் வாடிக்கொண்டே வந்தது.

“என்னாச்சு அண்ணி?”

அண்ணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பல மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

“இந்தச் சத்தம் வர்றப்போ எல்லாம் அவர்தான்னு ஓடி வர்றேன் தம்பி. இறங்குறது நீங்க. உங்கண்ணனை நான் இன்னும் எத்தனை தடவை பறிகொடுக்கறது? சத்தமே வராத ஃபில்டரா பார்த்து மாத்திடுங்களேன்.”