ஒரு தடவை கேட்கலாமா?

"மே ஐ ஆஸ்க் ஒன்ஸ்?"

"அதேதான் அக்கா. கடைசியில குரல் கொஞ்சம் மேல ஏறணும். அப்பத்தான் அது கேள்வி. இல்லேன்னா அதட்டுற மாதிரி ஆயிடும்" என்றாள் டீச்சர்.

இஸ்திரிக் கடை அக்கா மறுபடி சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவையும் குரல் மேலே ஏறவில்லை.

பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பில் அன்று திருப்புதல். சொற்கள், வாக்கிய வகைகள், கதையமைப்பு என்று எல்லாவற்றையும் ஓட்டமும் நடையுமாக முடித்து, மற்றவர்களை அனுப்பியாகிவிட்டது. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. நாளைக் காலையில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் அவளைப் பார்க்க வருகிறார். அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவரிடம் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வகுப்பில் சேர்ந்ததே.

டீச்சருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு கிளம்ப மனம் வரவில்லை.

"ஆள் எப்படிக்கா? கோபக்காரரா?"

"சேச்சே. போன்ல ஒரு தடவை பாத்தேன். நல்ல மனுஷன்தான்."

"அப்புறம் ஏன் இப்படி வெலவெலத்துப் போறீங்க? பேசாம கட்டளை வாக்கியமா அடிச்சு விடுங்க. மனுஷன் ஆடிப் போயிடுவாரு."

அக்கா சிரிக்கவில்லை. "கட்டளை போட எனக்கு ஏது டீச்சர் உரிமை? முடியாதுன்னு சொன்னாலும் சொல்லலாம். கேள்வியாவே இருக்கட்டும்."

டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றினாள்.

"கதைப் பயிற்சியில 'மகள் ஸ்கூட்டர் வாங்கினாள்'னு ஒரு வரி சொன்னீங்க. அதோட நிறுத்திட்டீங்க. நடு எங்க, முடிவு எங்க?"

"நடுவுல உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரல. முடிவு நாளைக்குத்தான் தெரியும்."

வருகிறவரிடம் மகளுக்காக ஏதோ உதவி கேட்கப் போகிறாள், அதற்குத்தான் இத்தனை கூச்சம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். பாவமாக இருந்தது.

"சரிக்கா, 'ஆஸ்க்'னு நீங்க ஆரம்பிச்சா, என்ன வேணும்னு அவர் உடனே கேப்பாரு. அந்த பதிலையும் இப்பவே பழகிடலாம். என்ன வேணும் உங்களுக்கு?"

அக்கா மிரண்டு போனாள்.

"அவர்கிட்ட எனக்கு ஒண்ணுமே வேண்டாமே டீச்சர்."

"கேக்கணும், கேக்கணும்னு ஒரு மாசமா உயிரை வாங்கினீங்களே?"

"வாயால இல்ல டீச்சர்" என்று அக்கா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "ஒரே ஒரு தடவை காது வச்சுக் கேக்கணும். அவர் நெஞ்சுக்குள்ள துடிக்கிறது என் பொண்ணோட இருதயம்."