பெல்ட்டின் பிடிவாதம்

"இன்னிக்கும் நீ கத்தினே, நேரா பழைய இரும்புக் கடைதான். சொல்லிட்டேன்!"

நெட்டையன் தன் பிக்கப் வண்டியின் பானெட்டைத் தட்டி எச்சரித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அந்த உயரத்துக்கு இந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரைத் திட்டறீங்க?"

"வண்டியைத்தான். செடிக்கடைக்காரர் வந்துட்டிருக்கார். இவரும் திரும்பிப் போயிட்டா உன் தையல் கடை போச்சு. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கலைன்னா இடத்தை வேற ஆளுக்கு விட்டுடுவாங்க."

"விட்டா விடட்டும். வீட்டுல உக்காந்து தைக்க மாட்டேனா? வண்டியை வித்துட்டு நீங்க என்ன செய்வீங்க?"

"குடோன்ல வாட்ச்மேன் வேலை. பேசி முடிச்சாச்சு. மறுபடி ஆரம்பிக்காதே."

"நான் ஒண்ணும் ஆரம்பிக்கலை. உங்க இஷ்டம்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அக்கம்பக்கத்துக் கட்டில், பீரோ எல்லாவற்றையும் சுமந்து பாதி ஊரை வீடு மாற்றிய வண்டி அது. விற்க அவனுக்கு மனசே இல்லை. ஆனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மெஷினைத் திணித்துக்கொண்டு, முதுகு ஒடிய அவள் தைப்பதை இனியும் பார்க்க முடியாது. விற்றே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நின்றான்.

இன்ஜின் முன்னால் சுற்றும் ஃபேன் பெல்ட்தான் மானத்தை வாங்கியது. முதல் தடவை கத்தியபோது மெக்கானிக், "சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பு, கேட்டே சொல்லிடறேன்" என்றார். இவன் ஆக்சிலேட்டரை மிதிக்க, மனைவி பானெட் பக்கம் நின்று பதிவு செய்து அனுப்பினாள். அவரும் கேட்டுவிட்டு, தேய்ந்து பளபளத்துப் போயிருந்த பெல்ட்டையும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிக் கொடுத்தார். சத்தம் அடங்கியது.

அடங்கியது என்று பார்த்தால், வண்டியைப் பார்க்க வந்த முதல் ஆள் ஏறி உட்கார்ந்ததும் கீச்சென்று கத்தியது. அவர் போனதும் வாயை மூடிக்கொண்டது. அடுத்து வந்தவரிடமும் சொல்லி வைத்தாற்போல் அதே கதை. நெட்டையன் விடவில்லை. ஓடும் பெல்ட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தான். பேரிங்கையும் மாற்றினான். கடைசியில் மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"என் ஷெட்டுக்கு வந்தா பூனை மாதிரி நிக்குது. உன் வீட்டு வாசல்லதான் கத்துது. நான் என்னப்பா செய்ய?"

செடிக்கடைக்காரர் வந்தார். டயரைக் குனிந்து பார்த்தார். மண் மூட்டைகளைத் தாங்குமா என்று பின்பக்கத் தளத்தை மிதித்துப் பார்த்தார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"டேஷ்போர்டுல ஸ்பீக்கர் புதுசா?"

"ஆமாண்ணே. பழசு கிழிஞ்சு கரகரன்னு இருந்துச்சு, விலைக்கு விடறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். இது வயர் இல்லாமலே போன்லேருந்து பாடும். என்னோடது பட்டன் போன், அதனால வீட்டுல அவ போன்ல போட்டுப் பாத்தோம். தெருவே திரும்பிப் பாத்துது!"

சிரித்துக்கொண்டே அவர் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

கீ...ச்!

"ஐயோ தம்பி, உள்ளே உக்கார முடியலை! காது கிழியுது!" அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

"அண்ணே, போயிடாதீங்க! இன்னிக்கு ஒரு கை பாத்துடறேன்." நெட்டையன் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். வீட்டுப் பக்கத்தையே அது மறைத்தது. "பெல்ட்டைக் கழட்டிட்டே ஓட விட்டுப் பாக்கலாம். கொஞ்ச நேரம்தானே, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. அப்பவும் கத்தினா இன்ஜின் கோளாறு, நீங்க தாராளமாப் போங்க. கத்தலைன்னா பெல்ட் பக்கம்தான் தப்பு. எதுவானாலும் இன்னிக்கே மாத்தித் தர்றேன்."

அவன் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "சரி, பாருங்க."

ஸ்பேனரை மாட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு டென்ஷனரை நெம்பினான். முழங்கை கம்பியில் உரசித் தோல் வழன்றது. அதைப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை. பெல்ட் கழன்று கையோடு வந்தது.

"இப்ப ஏறி ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."

இன்ஜின் உறுமியது. கீச்சுச் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இல்லவே இல்லை.

"பாத்தீங்களா அண்ணே! பெல்ட்தான்..."

கீ...ச்!

அதே பெல்ட், அதே கத்தல். ஆனால் பெல்ட் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நெட்டையன் ஓடிப்போய்க் கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டான். அவன் ஆசையாய்ப் போட்ட புது ஸ்பீக்கர்கள் இரண்டும் அதிர்ந்துகொண்டிருந்தன. மெல்ல நிமிர்ந்தான். தூக்கி நிறுத்திய பானெட்டுக்கு மேலாகப் பார்க்க அவன் உயரம் போதும். சமையலறை ஜன்னலில் மனைவி, கையில் போனை இறுகப் பிடித்தபடி, கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, எங்கே கோளாறு?"

நெட்டையன் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "மன்னிச்சுக்கங்கண்ணே. இதைச் சரி பண்ண என்னால ஆகாது."