வலது கீழ் மூலை

காய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கக் கூடாது.

காயவில்லை என்று அவளுக்குத் தெரியும். படத்தில் வானம் காய்ந்திருந்தது. மணல் காய்ந்திருந்தது. கடைசியாக வர்ணம் பூசும் கத்தியால் அப்பிய அலைநுரை மட்டும் மேலே பாலாடை போல ஒரு தோல் கட்டிக்கொண்டு, உள்ளே வெண்ணெயாகவே இருந்தது. இன்னும் ஐந்து மாதமாவது ஆகும்.

கண்காட்சியில் ஒரு சுவர் காலியாக இருந்தது. காய்ந்துவிட்டது என்று சொல்லி மாட்டிவிட்டாள்.

இப்போது நுரைக்குள் ஒரு விரல் பதிந்திருக்கிறது.

நகம் மறையும் ஆழத்துக்கு. வலது கீழ் மூலையில்.

மதியம் அவள் சாப்பிடப் போன முக்கால் மணி நேரத்தில் நடந்திருக்கிறது. கேலரியைப் பார்த்துக்கொள்ளும் நந்தகோபால் பக்கத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு போன் வந்தது, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன் என்றார்.

"நேத்து ஒருத்தர் பரோட்டா மாவு மாதிரி இருக்குன்னாரு மேடம். எனக்கே தொட்டுப் பாக்கணும்போலதான் இருக்கும். யாரோ தாங்காம அமுக்கிட்டாங்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுவே ஆச்சரியமாக இருந்தது.

ஐந்து நாட்களில் விலைபோனது இந்தப் படம் ஒன்றுதான். மூக்கையூர்க் கடற்கரை. காலை ஏழு மணி. ஆளில்லை.

வந்தவர்கள் மற்றப் படங்களில் இருந்த உப்பளங்களுக்கும், வெடித்த கண்மாய்க்கும், கருவேலங்காட்டுக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஏன் எதிலும் ஒரு ஆள்கூட இல்லை என்று தினமும் யாராவது கேட்டார்கள். இதை வாங்கிய டாக்டர் மட்டும் கேட்கவில்லை. கிளினிக்கில் நாள் முழுக்க ஆட்களைத்தான் பார்க்கிறேன் என்றார்.

ஐந்து மணிக்கு எடுத்துப்போக வருகிறார். அதற்குள் மேலே கொஞ்சம் பூசிவிட முடியுமா என்று நந்தகோபால் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இரண்டு நிமிட வேலை. பையில் கத்தி இருந்தது. வெள்ளை டியூப் இருந்தது.

கத்தி முனையில் வெள்ளையை எடுத்தாள். குனிந்தாள்.

அப்படியே நின்றாள்.

பெரிய படம். நிமிர்ந்து நிற்பவருக்கு அந்த மூலை எட்டாது. தாங்காமல் அமுக்குகிறவர்கள் கண்ணுக்கு நேராக அமுக்குவார்கள். இது யாரோ குனிந்து, இடம் பார்த்து வைத்த விரல்.

மகள் ஆரபிக்கு ஐந்து வயது இருக்கும்போது, நிறுத்தி வைத்த படங்களில் எட்டியது அந்த மூலைதான். அம்மா காபி போடப் போகும் நேரம் பார்த்து வந்து, ஈரத்தில் விரலை அமுக்கிவிட்டு ஓடுவாள். அம்மா பெயர் எழுதும் இடம் அதுதான் என்று மகளுக்குத் தெரியும். நானும் போட்டேன் என்பாள்.

ஒவ்வொரு முறையும் இவள் கத்தியால் நிரவி விடுவாள்.

ஒருமுறை, மறுநாள் படம் போக வேண்டியிருந்தது. கத்தியின் கைப்பிடியால் அந்த விரலில் ஓர் அடி.

குழந்தை அழவில்லை. அதன்பிறகு அந்த அறைக்குள் வரவுமில்லை.

ஆரபி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மாதம் என்று சொல்லிவிட்டு இவள் மூக்கையூர் போனாள். கடல் ஒரு மாதத்தில் முடியவில்லை. திரும்பி வந்த அன்று மகள்தான் கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதின்மூன்று வருடமாகப் பேச்சில்லை.

இதே ஊரில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு கண்காட்சிக்கும் அழைப்பிதழ் தபாலில் போகும். அது திரும்பி வந்ததில்லை. பதிலும் வந்ததில்லை.

கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். தன் ஆள்காட்டி விரலைக் குழிக்கு நேராக, படாமல், நீட்டிப் பார்த்தாள். இவளுடையதைவிட மெலிந்த விரல். அடியில் ரேகைகூடச் சன்னமாகத் தெரிந்தது. பெற்றவளாக இருந்தாலும் பிள்ளையின் ரேகையை யாரும் மனப்பாடம் செய்து வைப்பதில்லை.

யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள்.

நந்தகோபால் யோசித்தார். கல்லூரிப் பெண்கள் ஐந்தாறு பேர், ஒரே சிரிப்பு. ஒரு பெரியவர். அப்புறம் தனியாக ஒரு பெண் வந்த மாதிரி இருந்தது. போனில் இருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை.

முப்பது வயது இருக்குமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

வருகைப் புத்தகத்தைப் புரட்டினாள். கல்லூரிப் பெண்கள் ஆளுக்கொரு இதயம் வரைந்திருந்தார்கள். பெரியவர் நடுங்கும் எழுத்தில் நன்று என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வெற்றுக் கோடுகள்.

"டாக்டரை வேற எதையாவது எடுத்துக்கச் சொல்லுங்க சார். இது இல்ல."

நந்தகோபால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். மேசைக்குப் போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூலையில் கேமரா இருக்கிறது, ஒன்றரையிலிருந்து ஓட்டினால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

திரையில் இதே அறை மேலிருந்து தெரிந்தது. சுவரெங்கும் படங்கள் சாம்பல் நிறச் சதுரங்களாக இருந்தன. வாசலில் ஒரு நிழல், உள்ளே ஒரு அடி வைத்த நிலையில் நின்றிருந்தது. ஓடவிடும் பட்டனின் மேல் அவர் விரல் இருந்தது.

"யாருன்னு பாத்திடலாமா மேடம்?"

கல்லூரிப் பெண்களில் ஒருத்தியாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

"வேண்டாம் சார்."

அவர் விரல் நசுங்கிவிடாமல் பார்த்து, லேப்டாப்பை மெல்ல மூடினாள்.