முதல் ஆணி

தச்சர் சுத்தியலை ஓங்கினார். பிறகு மெதுவாக இறக்கினார்.

கையில் ஆணி, எதிரே சுவர், பின்னால் மனைவி. தப்பிக்க வழியில்லை.

ஊரார் வீட்டுச் சுவர்களில் கண்ணை மூடிக்கொண்டு ஆணி அடித்த கைதான். ஆனால் இது சொந்தச் சுவர். சாவி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மனைவியின் கையில் சுவர்க் கடிகாரம் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பரிசு. சுவர்க் கடிகாரம் என்று பேர்தானே தவிர, இதுவரை ஒரு சுவரிலும் ஏறியதில்லை. போன வாடகை வீடுகளிலெல்லாம் வீட்டுக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்று. கடிகாரம் தரையில் சாய்ந்தபடியே காலத்தை ஓட்டியது. மகள் மணி பார்க்கக் கற்றுக்கொண்டதே குப்புறப் படுத்துத்தான்.

"இது நம்ம சுவருங்க. இப்ப நாமதான் வீட்டுக்காரங்க. அடிங்க," என்றாள் மனைவி.

அவர் பயம் அவருக்கு. முன்பணத்தில் பாதிதான் அவர் சேர்த்தது. மீதிப் பாதி, முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவி. பத்து வருஷம் இங்கேயே குடியிருந்தால் திருப்பித் தர வேண்டாம், வீட்டை மட்டும் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்து அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு மனைவியின் மனதில் நின்றது. தச்சர் மனதில் 'நல்லபடியாக' மட்டும் நின்றது. ஓட்டை விழுந்த சுவர் நல்லபடியான சுவரா? அந்தப் பாதியைத் திருப்பிக் கேட்டால் வீடே கையைவிட்டுப் போய்விடும்.

போதாக்குறைக்கு இந்தக் கட்டடம் வேறு. நான்கு மாடியிலும் ஆள் இருந்தும் ஈ காக்கை சத்தம் கிடையாது. கதவைக்கூடத் தொட்டில் குழந்தை எழுந்துவிடும் என்பதுபோல் சாத்துகிறார்கள். படியேறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொள்கிறார்கள். பரம்பரையாகச் சொந்த வீட்டில் வாழ்ந்த கண்ணியமான மனிதர்கள் என்று தச்சர் முடிவு கட்டியிருந்தார். இவர்கள் நடுவில் முதல் சத்தம் நாமா போடுவது?

மனைவி கடிகாரத்தைத் தரையில் சாய்த்து வைக்கக் குனிந்தாள்.

அதை அவரால் பார்க்க முடியவில்லை. அடித்துவிட்டார்.

சத்தம் கட்டடம் முழுக்க ஓடி, திரும்பி வந்தது. கடிகாரம் சுவரில் ஏறியது.

கதவு தட்டப்பட்டது.

தச்சர் சுத்தியலைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். மனைவி ஓடிப்போய்க் கடிகாரத்தை மறைத்து நின்றாள். அவள் உயரத்துக்கு, அது தலைக்கு மேல் பளிச்சென்று தெரிந்தது.

வாசலில் எதிர்வீட்டுக்காரர் நின்றார். பேருந்து ஓட்டுநர், வாசலை அடைக்கிற உடம்பு. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அவர் பார்வை நேராகக் கடிகாரத்துக்குப் போனது.

"ஆணி அடிச்சீங்களே, யாராவது வந்து ஏதாவது சொன்னாங்களா?"

நீங்கள்தான் முதலில் வந்திருக்கிறீர்கள் என்றார் தச்சர்.

ஓட்டுநர் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். சட்டம் போட்ட குடும்பப் படம். துடைப்பம் பட்டுப் பட்டு அதன் கீழ் ஓரம் தேய்ந்திருந்தது. எங்களுக்கும் அதே உதவிதான், அதே அலுவலகத்து அம்மாதான் என்றார். மேலே இருக்கிறவர்களுக்கும் அப்படித்தானாம், பயமும் அதேதானாம்.

தச்சர் மாடிப்படிப் பக்கம் எட்டி மேலே பார்த்தார். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடிக்கு மேல் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, இன்னொருவர் கையில் நாள்காட்டி.

ஓட்டுநர் அண்ணாந்து குரல் கொடுத்தார்.

"அடிக்கலாமாம்!"

முதலில் மூன்றாவது மாடியில் ஒரு தட்டு. அப்புறம் கட்டடமே தட்டத் தொடங்கியது.

இரண்டாவது மாடியில் யாரோ ஆணியை வளைத்துவிட்டார்கள். தச்சர் தலையணைக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்படியே படியேறினார்.